அவர் சாப்பிட்டாச்சு

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளுக்கு ‘நாக்கு’ என்று பெயர். அடுப்பிலிருந்து இறங்கும் தட்டுகளில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, சர்க்கரை தூக்கலா, ஓரம் கருகலா என்று சொல்வது வேலை. மதியம் சாப்பிட்டால் நாக்கு தூங்கிவிடும் என்பது ருசி பார்க்கிறவர்களின் நம்பிக்கை. அதனால் நாளெல்லாம் பிஸ்கட் துண்டும் வெந்நீரும்தான். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அது சுத்தப் பொய்.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது தலை விண்ணென்று தெறிக்கும். செருப்பைக் கழற்றும்போதே அழுகை முட்டும். காரணமில்லாத அழுகைக்கும் ஒரு காரணம் வேண்டுமே! கைக்கெட்டும் தூரத்தில் கணவர் இருந்தார்.

அவர் தையல் மிஷின் பழுது பார்க்கிறவர், அவளுக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார். "நான் சாப்பிட்டாச்சு, உனக்கு மூடி வச்சிருக்கேன்" என்பார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரு மனுஷி உழைத்துக் களைத்து வருகிறாள், கொஞ்ச நேரம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்? அதில் ஆரம்பித்து அவர் அம்மா வரை இழுத்துவிடுவாள். அவர் வாயே திறக்கமாட்டார். சுவரோடு குடித்தனம் நடத்துவதாக அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அக்காவுக்கு போன் செய்தாள்.

"முடிவு பண்ணிட்டேன்க்கா. வெள்ளிக்கிழமை அவர்கிட்ட சொல்லிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்."

"சரி. நீ சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதே."

அந்த வாரம் பார்த்து அடுப்பு மக்கர் செய்தது. ருசி பார்க்க ஒன்றுமில்லாததால் நாக்கை அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மதியம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவளையும் விடவில்லை. முதல் நாள் தூக்கம் சொக்கியது, அப்புறம் பழகிவிட்டது. வியாழக்கிழமை படியேறும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்து அவளே திடுக்கிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சொல்ல வேண்டியது தயாராக இருந்தது, அதைத் தள்ளிவிடக் கோபம்தான் கிடைக்கவில்லை. எனவே பழைய குறையையே, மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு நாளாவது எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பசியோட இருந்தா நானும் கத்திடுவேன். கல்யாணமான புதுசுல தட்டு பறந்துச்சே, மறந்துட்டியா? வயிறு நிறைஞ்சிருந்தா நீ என்ன சொன்னாலும் தாங்கிக்குவேன். அதான் முன்னாடியே சாப்பிட்டுடறேன்."

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்போ சொல்றது? நீ பசியில இருக்கும்போதா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "அடுப்பு சரியானாலும் நான் மதியம் சாப்பிடத்தான் போறேன், நாக்கு தூங்கினா தூங்கட்டும். நீங்களும் எனக்காகக் காத்திருங்க. கத்தறதா இருந்தா சேர்ந்தே கத்தலாம்."

"சரி" என்றவர் தயங்கினார். "அப்போ கட்டிலுக்கடியில இருக்கிற பெட்டி?"

"எப்போ பார்த்தீங்க?"

"திங்கட்கிழமை."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவளுக்கென்று மூடி வைத்த சாப்பாடு இருந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அவர் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை. மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது, திங்கட்கிழமையிலிருந்தே அதில் யாரும் சாப்பிடாத மாதிரி.