சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வயர்

எனக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்லலைன்னா என் வீட்டுக்காரி சொல்லிடுவா. "நேரா நாலு கை தட்டத் தெரியாது, கருத்து மட்டும் மூட்டை மூட்டையா வரும்." அவ வழக்கமா பாடுற பாட்டு அது. இருபது வருஷமா ஒரே ராக் பேண்டு பின்னாடி சுத்துறேன். பாடுறவருக்காக இல்ல, கிட்டார்காரருக்காகவும் இல்ல. எல்லாருக்கும் பின்னாடி உக்காந்து அடிக்கிற அந்த டிரம்மருக்காக.

பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர். வேலை முடிஞ்சா போன். எங்க ரசிகர் குரூப்ல நானூத்திப் பன்னெண்டு பேரு. அங்க எனக்குப் பேரு ஸ்பேனர். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் "ஸ்பேனர் என்ன சொல்றாரு?"ன்னுதான் கேப்பாங்க. எந்தப் பாட்டுல வேகம் கூடுச்சு, எங்க ஒரு அடி லேட்டா விழுந்துச்சுன்னு நான் எழுதிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. பெருமையாத்தான் இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு? மத்தபடி அந்தக் குரூப்பே ஒரு தலைவலி. ஒரு பல் டாக்டர் இருக்காரு, முதல் ரெண்டு ஆல்பத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் குப்பைம்பாரு. ஒரு பஸ் டிரைவர் இருக்காரு, காது கிழிஞ்சாத்தான் ராக்குன்னு அடம் பிடிப்பாரு. பதினோரு வருஷமா ரெண்டு பேருக்கும் அதே சண்டை. தீர்ப்பு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் நாக்கு தள்ளுது.

போன மாசம் ஒரு நிகழ்ச்சியில மேடைக்குப் பக்கவாட்டுல எடம் கிடைச்சுது. அங்க இருந்து ஒரு போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெருசு பண்ணிப் பாத்தா, அவர் உக்கார்ற ஸ்டூலுக்கு அடியில கறுப்பா ஒரு டப்பா, அதுல இருந்து ஒரு வயர் பின்னால போகுது. வயர்னா என் கண்ணு தன்னால போயிடும், தொழில் அப்படி. மைக்குக்கு வயர் சரி. ஸ்டூலுக்கு எதுக்கு? அப்போதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு மூணு வருஷமா இவர் தாளம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. முன்னாடியெல்லாம் உற்சாகம் வந்தா வேகம் கூடி ஓடிடுவாரு. ஆஹா, பிடிச்சுட்டேன்டான்னு வயரைச் சுத்திச் சிவப்புல ஒரு வட்டம் போட்டேன். கீழ "வாசிக்கிறது மனுஷனா, மெஷினா?"ன்னு எழுதி அனுப்பிட்டேன்.

பத்திக்கிச்சு. பதிவு பண்ணதை ஓட விட்டுட்டு சும்மா கையை ஆட்டறாருன்னு ஒருத்தன் கிளப்பினான், அதையே நூறு பேரு சொன்னாங்க. படம் எங்க குரூப்பைத் தாண்டிப் போயிடுச்சு. பேண்டோட பக்கத்துல போய் "வயரைப் பிடுங்கு, லைவா வாசி"ன்னு ஆயிரம் பேரு எழுதினாங்க. கடைசியில அவங்களே அறிவிச்சுட்டாங்க: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி நிகழ்ச்சி, ஸ்டூல்ல எந்த வயரும் இருக்காது. குரூப்ல எனக்கு ஒரே பாராட்டு. எனக்கும் தலைகால் புரியல.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க ஆபீஸ்ல இருந்து போன். நிகழ்ச்சி நடக்கிற அதே அரங்கம், மூணாவது மாடி. சாமான் லிஃப்ட் கீழயே நின்னுபோச்சு, டிரம்ஸ் பெட்டியெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. லீவு நாள்னாலும் நான் சட்டைப் பொத்தானைக் கூட ஒழுங்காப் போடாம ஓடினேன். "எனக்கு உடம்பு சரியில்லன்னா இப்படி ஓடுவீங்களா?"ன்னு பின்னாடி வீட்டுக்காரி குரல் கேட்டுச்சு.

கதவுப் பூட்டு சரியா விழல, அவ்வளவுதான் கோளாறு. இருபது நிமிஷத்துல முடிச்சுட்டேன். ஓட்டிப் பாக்கலாம்னு ஏறினேன். வெளிய காத்துட்டிருந்த ஆள் ஒருத்தரும் கூடவே ஏறிக்கிட்டாரு. அவரேதான். நரைச்ச தாடி, தோள்ல டவல், கையில அந்த ஸ்டூல். இருபது வருஷக் கருத்துல ஒண்ணு கூட வெளிய வரல.

அவர் உள்ளங்கையை லிஃப்ட் சுவர்ல வெச்சாரு. "ரெண்டாவது மாடி தாண்டறப்போ ஒரு தட்டு தட்டுதே"ன்னாரு, தேவையே இல்லாத சத்தத்துல. காதைத் தீட்டிக் கேட்டேன், ஒண்ணும் கேக்கல. கையை வெச்சு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்தேன். ஆமா, தட்டுது. எங்கயோ ஒரு போல்ட் லூஸ்.

"எனக்கே கேக்கல சார். உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அவர் என் வாயையே பாத்துட்டு இருந்தாரு. "எனக்கும் கேக்கலைங்க. வலது காது போய் மூணு வருஷம் ஆச்சு. இடது காதுல ஏதோ கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு."

முன்னப் பின்ன தெரியாத ஆள்கிட்ட சொல்றது சுலபம் போல. எனக்குக் கண்ணு ஸ்டூல் பக்கம் போச்சு. கேக்காம இருக்க முடியல. "இதுக்கு அடியில இருக்கிறது என்ன சார்?"

"இதுதான் என் காது"ன்னாரு. "பேஸ் கிட்டார் வாசிக்கிறது இதுல அதிரும், முதுகுல ஏறும். அதைப் பிடிச்சுக்கிட்டு நான் அடிப்பேன். அடிக்கிறது இந்தக் கைதான்." கையை விரிச்சுக் காட்டினாரு. விரலுக்கு விரல் பிளாஸ்திரி. "எவனோ ஒருத்தன் படம் எடுத்துப் போட்டுட்டான். காது கேக்காதுன்னு சொன்னா எல்லாரும் பாவம் பாப்பாங்க. பாவம் பாக்கறவன் டிரம்ஸைக் கேக்க மாட்டான். அதான், இன்னைக்கு வயர் இல்ல. இன்னைக்குச் சமாளிச்சுட்டா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். இல்லன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அந்த எவனோ ஒருத்தன் ரெண்டடி தள்ளி ஸ்பேனரும் கையுமா நிக்கிறான். சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். "வயரை மாட்டிக்கங்க சார், எவன் என்ன சொன்னா என்ன?" அது மட்டும்தான் வந்துச்சு.

"அறிவிச்சாச்சே"ன்னு சிரிச்சாரு. கதவு திறந்துச்சு, போயிட்டாரு. கோழைப் பய நான், வேற என்ன சொல்ல?

போல்ட்டைத் தேடி முடுக்கிட்டேன். சாமான் கீழ இறங்குற வரைக்கும் இருங்கன்னு அரங்கத்து மேனேஜர் சொன்னாரு, அதனால மேடைக்குப் பக்கத்துலயே நின்னேன். முதல் மூணு பாட்டு நல்லாத்தான் போச்சு. பேஸ் கிட்டார்காரர் விரலைப் பாத்துப் பாத்தே இவர் அடிச்சாரு. நாலாவது பாட்டு நடுவுல டிரம்ஸ் நின்னு குரல் மட்டும் வரும், விளக்கை எல்லாம் அணைச்சுடுவாங்க. எப்பவும் செய்யறதுதான். அந்த இருட்டுல அவர் விரலைப் பாப்பாரா, என்னத்தைப் பாப்பாரு? திரும்ப உள்ள வர்றப்போ அரை அடி முந்திட்டாரு. பாடுறவர் திரும்பிப் பாத்தாரு.

எனக்குப் பொறுக்கல. அவர் காலுக்கு அடியிலயாவது தெரியட்டும்னு மேடைப் பலகையைக் கையால ஓங்கித் தட்டினேன், சரியான தாளத்துல. பக்கத்துல முன்வரிசையில இருந்தவன் அதைப் பாத்துட்டு அவனும் தட்டினான். அப்புறம் வரிசை முழுக்க. அப்புறம் அரங்கமே காலால மிதிக்க ஆரம்பிச்சுது. கூட்டம் தட்டினா தாளம் ஓடும். இதை நானே நூறு தடவை குரூப்ல எழுதியிருக்கேன். ஓடுச்சு. பேண்டு ஒரு வேகத்துல போகுது, நாங்க ஒரு வேகத்துல போறோம். அவருக்குக் காலுக்கடியில எங்க வேகம்தான் தெரியுது, எங்க பின்னாடியே வர்றாரு. "நிறுத்துங்கடா"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்குக் கேக்கும்?

அவர் குச்சி ரெண்டையும் டிரம் மேல வெச்சுட்டாரு. எழுந்து கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாரு. அதையும் ஒரு ஸ்டைல்னு நெனச்சு அரங்கம் அலறுச்சு. மிச்சப் பாட்டையெல்லாம் வெறும் கிட்டாரை வெச்சு ஒப்பேத்தினாங்க.

முடியறதுக்குள்ள போன் அதிருது. "இதுதான்யா லைவ், உயிர் இருந்துச்சு!" பல் டாக்டர். "இருபது வருஷத்துல இதுதான் டாப்." பஸ் டிரைவர். ஜென்மத்துல முதல் தடவையா ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டாங்க. கீழ வரிசையா, "ஸ்பேனர் என்ன சொல்றாரு?"

சாமானோட லிஃப்ட்ல இறங்கினோம், அவரும் நானும். நான் பட்டனைப் பாத்துட்டே, "அந்தப் படத்தைப் போட்டது நான்தான் சார்"னு சொன்னேன்.

அவர் என் தோளைத் தொட்டாரு. "ஏதோ சொன்னீங்களா? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

முதுகைக் காட்டிச் சொன்னா அவருக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. திரும்பி, அவர் முகத்தைப் பாத்து மறுபடி சொன்னேன்.

அவர் ஸ்டூலைக் கீழ வெச்சாரு. நாலு அறை விட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். "தாளத்தை எங்க விட்டேன்?"ன்னு கேட்டாரு.

"சார்?"

"எங்க ஆளுங்க எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்கிறாங்க. உங்களுக்குக் காது இருக்கு. எங்க விட்டேன், சொல்லுங்க."

"நாலாவது பாட்டு. இருட்டு முடிஞ்சு உள்ள வர்றப்போ. அரை அடி முன்னால."

"அப்புறம்?"

"அப்புறம் பிடிக்கவே இல்ல சார். அதுக்கும் நான்தான் காரணம். பலகையை முதல்ல தட்டினது நான்."

"அது நீங்களா? முதல் நாலு தட்டு சரியா இருந்துச்சு"ன்னாரு.

கீழ கதவு திறந்துச்சு. அவர் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டாரு. "இனி மறைக்க எனக்குத் தெம்பில்லைங்க. நீங்களே எழுதிடுங்க."

"என்னன்னு எழுத சார்?"

"படம் நீங்கதானே போட்டீங்க? அடியில என்ன எழுதணுமோ அதை எழுதுங்க."

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி என் மூஞ்சியைப் பாத்துட்டு, கிண்டல் எதுவும் பண்ணாம தட்டை வெச்சுட்டுப் போனா. நானூத்திப் பன்னெண்டு பேரு காத்துட்டிருக்காங்க. நீளமா எழுதினேன், அழிச்சேன். மூணு தடவை. அப்புறம் பழைய படத்தையே எடுத்தேன், சிவப்பு வட்டம் அப்படியே இருந்துச்சு. கீழ இருந்த கேள்வியை அழிச்சுட்டு எழுதினேன்.

"இது அவரோட காது. இதைப் பிடுங்க வெச்சது நான்."

அனுப்பிட்டு, போனைக் கவுத்து வெச்சுட்டேன்.