சீர்த்தட்டில் பழைய கேமரா

கேமராவைக் கையில் வாங்கியதும் சிவப்பிரகாசம் முதலில் அதை மோந்து பார்த்தான். வலையோ, இன்ஜினோ, ஐஸ் பெட்டியோ, இன்னொருவன் வைத்திருந்த எந்தச் சாமானை வாங்கினாலும் அவன் செய்கிற முதல் காரியம் அதுதான். பழைய சொந்தக்காரன் அதை நல்லபடியாக வைத்திருந்தானா, போட்டு அடித்தானா என்பதை மூக்கு சொல்லிவிடும் என்பது அவன் நம்பிக்கை. இதில் காய்ந்த பிளாஸ்டிக் வாசனையும், பீரோவுக்குள் போடுகிற அந்துருண்டை வாசனையும் வந்தன. யாரோ துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பிரிசில்லா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஊரப்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில், ஒரு மாடி வீட்டின் முன்னறையில், அவள் பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கித் துடைத்துச் சரிசெய்து போனில் படம் போட்டு விற்கிறாள். வந்து வாங்குகிறவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கடல் வெயிலில் கறுத்த ஒரு மனிதர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றது அவளுக்குப் புதுசு.

"யாருக்குண்ணா?"

"என் தங்கச்சி பொண்ணுக்கு. பெரியவளாயிட்டா. சீர் குடுக்கணும்."

"சீருக்குக் கேமராவா?"

"இன்னா வேணும்னு கேட்டேன். இதான் கேட்டுச்சு."

அவள் அதற்கு மேல் துருவவில்லை. "இது ரொம்ப சிம்பிள்ணா, பேட்டரி கூட வேணாம். இந்தச் சக்கரத்த நிக்கிற வரைக்கும் திருப்பணும், இத அமுக்கணும், அவ்ளோதான். ரோல் நானே போட்டுத் தரேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ரோல் முடியற வரைக்கும் பின்னாடி மூடியத் திறக்கவே கூடாது. வெளிச்சம் பட்டா மொத்தமும் போயிடும்."

"மூடியத் தொறக்கக் கூடாது" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். செங்கல்பட்டு வரைக்கும் ரயிலிலும், அங்கிருந்து மகாபலிபுரம் பஸ்ஸிலும் அதையே வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தான்.

திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது இடது பக்கம் ஒரு கிளைச்சாலை பிரியும். அதில் போனால் அவன் தங்கை கல்யாணி வாழ்ந்த ஊர். எத்தனையோ வருஷமாக அந்த இடம் வந்ததும் அவன் வலது பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவான். சாமிக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். கல்யாணி விவசாயக் குடும்பத்துப் பையன் தாமோதரனைக் கட்டிக்கொண்டு போனபோது அவர்கள் அப்பா முனிசாமி, அந்த வாசலை மிதிக்கிறவன் தன் பிணத்தைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தாமோதரனின் அக்கா விஜயகுமாரி, கடற்கரைக்காரர்கள் சம்பந்தம் என்று யாரும் வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்றாள். அப்பாவின் பிணத்தைத் தூக்க வேண்டியவன் சிவப்பிரகாசம் ஒருவன்தான். தூக்கினான். அதற்குள் கல்யாணி படுக்கையில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் அவன் தங்கை மகள் துர்காவை முதல்முதலாகப் பக்கத்தில் பார்த்தான். கல்யாணியின் அதே அகலமான நெற்றி. பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

கல்யாணி போய்ச் சேர்ந்த பிறகு அங்கே போக அவனுக்கு முகாந்திரமே இல்லாமல் போனது. போன மாதம் தாமோதரன் போன் செய்தான். "மச்சான், துர்கா வயசுக்கு வந்துட்டா. தாய்மாமன் இல்லாம எப்படி? நீ வரணும்." பின்னாலிருந்து துர்காவே போனை வாங்கி, "மாமா, பட்டுப்பொடவ வேணாம். அம்மா வச்சிருந்தாங்களே, அந்த மாதிரி ரோல் போடற கேமரா" என்றது. கல்யாணி குமரியாக இருந்தபோது கடற்கரைக் கோயில் பக்கத்துச் சங்குக் கடையில் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் அப்படி ஒன்று வாங்கினாள். குப்பத்தில் அவள் படம் எடுக்காத ஆள் இல்லை. "அண்ணாத்த, மூச்சு வுடாம நில்லு" என்று அதட்டுவாள். மூச்சு விட்டால் படம் ஆடிவிடும் என்று யார் சொன்னார்களோ, கடைசி வரை அவளுக்கு அதுதான் வேதம். சுனாமியில் கேமராவும் போயிற்று, படங்களும் போயின. எப்போதும் எடுக்கிற இடத்தில் அவளே நின்றதால் போன படங்களிலும் அவள் இல்லை. இப்போது மாலை போட்டு மாட்டியிருப்பது ஆதார் அட்டையிலிருந்து பெரிசாக்கிய படம். அதில் கல்யாணி, செய்யாத தப்புக்குப் பிடிபட்டவளைப் போல முழித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆக, பஸ்ஸில் அவன் மடியில் இருந்தது வெறும் கேமரா இல்லை. அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண் நாளைக்கு மாமா வீடு என்று ஒரு தடவையாவது வருவாள். சேராவிட்டால் விசேஷம் முடிந்த கையோடு பந்தலைப் பிரிக்கிற மாதிரி இந்த உறவையும் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குப்பத்தில், வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஆதியம்மாளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, மூடியைத் திறக்கக் கூடாது என்பதுதான். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அதையே சொன்னான். ஆதியம்மாள் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பழசாய்யா இது?"

"கல்யாணி வச்சிருந்த மாதிரி வேணும்னா பழசுதான்."

"சீர்த்தட்டுல பழசு வைப்பாங்களா? ஒடஞ்ச வளையல் கூட வைக்க மாட்டோம். எவன் எவன் கைல இருந்திச்சோ, இன்னா கண்ணீர் வுட்டு வித்தானோ."

"புள்ள ஆசப்பட்டுக் கேட்டுச்சு ஆதி."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சீர் என்று எடுத்துவைக்க ஆதியம்மாளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது. அவளுக்குத் தெரிந்தவரையில் அதில் ஒரு குறையும் வரக் கூடாது.

விசேஷத்தன்று காலையில் அவன் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, வாசலில் வெயில் விழுகிற இடத்தில் முறத்தின் மேல் புதுத் துண்டு விரித்து, அதன் நடுவில் கேமரா வைக்கப்பட்டிருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பக்கத்தில் பாதி காலியான சொம்பில் மஞ்சள் தண்ணீர். கேமராவின் இடுக்குகளிலிருந்து துண்டில் மஞ்சளாகக் கசிந்திருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. குப்பத்தில் பழைய படகு வாங்கினாலும், பழைய இன்ஜின் வாங்கினாலும், பழைய சைக்கிளே வாங்கினாலும் வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொட்டு வைத்து, சூடம் சுற்றித்தான் உள்ளே எடுப்பார்கள். முன்னால் வைத்திருந்தவனின் தோஷம் அதோடு போய்விடும். போன வருஷம் அவன் வாங்கிய இன்ஜினுக்கு இதே ஆதியம்மாள் ஒரு குடம் ஊற்றினாள். அவனும் பக்கத்தில் நின்று கும்பிட்டான்.

"ஆதி, தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தாம எப்படி? பொண்ணுக்கே மஞ்சத் தண்ணி ஊத்தறோம், அதுக்குக் குடுக்கறதுக்கு ஊத்தக் கூடாதா?" பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நான் மூடியத் தொறக்கலய்யா. சத்தியமா மூடிகிட்ட போகவே இல்ல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அவள்மேல் என்ன தப்பு? திறக்கக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொன்னானே தவிர, நனைக்கக் கூடாது என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தான். அந்தச் சின்ன ஜன்னலுக்குள் மார்கழிப் பனி மாதிரி மஞ்சளாக மூடியிருந்தது. தெருவும் படகுகளும் அதற்குப் பின்னால் எங்கேயோ கிடந்தன. பிரிசில்லாவுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

"ஃபிலிம் நனைஞ்சிருக்கலாம், நனையாமலும் இருக்கலாம்ணா. கிளிக் ஆகுதா?"

"ஆவுது."

"அப்ப சொல்ல முடியாது. எடுத்து, டெவலப் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

வேறு வாங்கி வர நேரமில்லை. போன் கடலில் விழுந்தால் அரிசிக்குள் புதைத்து வைப்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அதை இதற்கும் செய்தார்கள். கேமராவை மெல்லிய துணியில் சுற்றி, சீர்த்தட்டில் குவித்திருந்த பச்சரிசிக்குள் புதைத்தான். வேனில் ஆதியம்மாள் அந்தத் தட்டை மடியைவிட்டு இறக்கவில்லை. வழிநெடுக அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். திருக்கழுக்குன்றத்துக் கிளைச்சாலை வந்தபோது, பஸ்ஸில் கடந்த வழக்கத்தில் கை கும்பிடுவதற்காக எழும்பியது. வேன் திரும்பிவிட்டது.

பந்தலில் எல்லோரும் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, அதுதான் உறுத்தியது. இவர்கள் கொண்டுவந்து வைத்த தட்டுகளை விஜயகுமாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். துர்கா மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளித்து, ஈரம் காயாத கூந்தலில் பூ வைத்து, மணையில் உட்கார்ந்திருந்தாள். மாலை போட்டுவிட்டு, சிவப்பிரகாசம் அரிசித் தட்டின் முன்னால் குனிந்து கையை உள்ளே விட்டான்.

"இன்னா தம்பி, கடக்கரைல அரிசிக்குள்ள வச்சுத்தான் சீர் குடுப்பாங்களா?" என்றாள் விஜயகுமாரி.

"ஆமாங்க்கா" என்றான் அவன்.

துணியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுப் பிரித்து, துணியை ஆதியம்மாளிடம் தந்துவிட்டுக் கேமராவைக் கொடுத்தான். துர்கா இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"மஞ்ச வாசன வருது மாமா." கண்ணில் வைத்தாள். "உள்ள பனி மாதிரி கீதே?"

பழசு அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் ஆசை ஆசையாக ரோல் முழுக்க எடுப்பாள். இந்த நாளை, அவள் அப்பாவை, அம்மா புழங்கிய அடுப்படியை எல்லாம் எடுப்பாள். எடுத்ததெல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒருநாள் ஒன்றுமே இல்லை என்று தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை எல்லாப் படமும் தண்ணீரோடு போன குடும்பம். அவனால் முடியவில்லை.

"துர்கா, அதுல தண்ணி பூந்திச்சும்மா. பழசாச்சே, உனக்கு ஒரு தோஷமும் வரக் கூடாதுன்னு காலைல மஞ்சத் தண்ணி ஊத்திட்டோம். படம் வருமோ வராதோ தெரியாது. நான் வேற வாங்கித் தரேன்."

"மாமா இல்ல கண்ணு, நான்தான் ஊத்தினேன்" என்றாள் ஆதியம்மாள். தலையை நிமிர்த்தவில்லை.

பந்தலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு மூன்று பேருக்குப் பரவியது. சிவப்பிரகாசம் தரையில் சிந்திய அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எவன்டா அது சிரிக்கறது?" என்று விஜயகுமாரி திரும்பினாள். "நீ செகண்ட் ஹேண்டுல டிராக்டர் வாங்கியாந்தப்ப மஞ்சத் தண்ணி ஊத்துக்கான்னு என்னாண்டதானே வந்து நின்ன? சீட்டெல்லாம் ஊறி நாறுச்சே, அப்ப சிரிச்சியா?" பிறகு ஆதியம்மாள் பக்கம் வந்து, அவள் கையிலிருந்த காலித் துணியை வாங்கி மடித்துத் தட்டில் வைத்தாள்.

துர்கா இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. சக்கரத்தைக் கட்டைவிரலால் திருப்பிக்கொண்டிருந்தாள். அது நின்றது.

"ஒண்ணு மட்டும் இப்ப எடுத்துக்கறேன் மாமா. மிச்சத்த அம்மா வூட்டுக்கு வந்து எடுக்கறேன்."

அம்மா வூடு. இந்த வீட்டைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்து, அவன் ஒரு கணம் ஓட்டுக்கூரையைப் பார்த்தான். அப்புறம்தான் அவள் கடற்கரையைச் சொல்கிறாள் என்று உறைத்தது. தாமோதரனைத் திரும்பிப் பார்த்தான். தாமோதரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"வருமோ வராதோ துர்கா" என்றான் மறுபடியும்.

"வந்தா வருது. அத்த, நீங்களும் நில்லுங்க. கிட்ட நில்லுங்க."

ஆதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். துர்கா மணையிலிருந்து எழுந்து, மாலை முன்னால் சரிய, ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடினாள். அந்த மஞ்சள் பனிக்குள் தாங்கள் எப்படித் தெரிகிறோமோ, தெரிகிறோமோ இல்லையோ என்று சிவப்பிரகாசம் நினைத்தான்.

"மாமா, மூச்சு வுடாம நில்லுங்க."

தண்ணீரில் முங்கப் போகிறவனைப் போல அவன் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தான். கிளிக் என்று சத்தம் கேட்டது. துர்கா கேமராவை முகத்திலிருந்து இறக்கவில்லை. அவனும் பிடித்த மூச்சை விடாமல், அவள் இறக்குவதற்காக நின்றுகொண்டிருந்தான்.