அவளுக்குத் தெரிந்த தட்டு

வால் கிழிந்தவள் என்று நாங்கள் கூப்பிட்ட டால்பின் செத்த மூன்றாம் நாள் காலையில், கூட மீன் பிடிக்கிற ஸான் மின் என் படகில் ஏறி உட்கார்ந்தான்.

"தட்டு, தெய்ன் அண்ணே."

"இன்னைக்கு வேணாம்டா."

"புது இன்ஜின் வந்ததும் கை வலிக்குதோ? நாங்க தட்டினா தவளைகூட எட்டிப் பார்க்காது. நீ தட்டினாத்தானே டால்பின் வருது."

இன்ஜினை மச்சான் கொடுத்ததாக ஊரில் சொல்லியிருந்தேன். கொடுத்தவர்கள் ஐராவதி ஆற்றில் பேட்டரி வைத்து, கரண்டு பாய்ச்சி மீன் பிடிக்கிறவர்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். வழக்கம்போல் படகின் விலாவில் கட்டையால் தட்டி டால்பின்களை அழைக்க வேண்டும். அவை மீனை வளைத்து ஒதுக்கித் தரும். "அதுங்க விலகினப்புறம்தான் கம்பியை இறக்குவோம்" என்றார்கள். நம்பினேன் என்று சொல்லலாம். நம்பவில்லை.

அன்று தட்டியதும் வால் கிழிந்தவள் வந்தாள். மூக்கு நீளாத உருண்டைத் தலை, ஈயச் சாம்பல் நிறம். மீனை மடக்கிக் கொண்டுவந்து, இங்கே வீசு என்று கிழிந்த வாலைப் பாதி தூக்கிக் காட்டினாள். காட்டிய இடத்திலேயே கம்பியை இறக்கினார்கள்.

மறுநாள் மணல்திட்டில் கிடந்த உடம்பில் ஒரு கீறல் இல்லை. பெண்கள் பூ வைத்தார்கள். "பாவம், உங்க கூட்டாளி" என்று என் மனைவி மா ஏ என் தோளைத் தடவினாள்.

"அவ குட்டி தனியா சுத்துதுண்ணே," என்றான் ஸான் மின். "உன் தட்டு அதுக்குத் தெரியும். நல்லா இருக்கான்னு பார்த்துருவோம்."

மறுத்தால் ஏன் என்று கேட்பான். தட்டினேன். வராதே, வராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தட்டினேன்.

வந்தது. படகுக்கு ஒரு முழம் தள்ளித் தலையை நீட்டி, வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியது. அதற்கு இன்னும் மீன் மடக்கத் தெரியாது. தாய் செய்ததைப் பார்த்ததுதான். வெறும் தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஓடிவிட்டு, சின்ன வாலைத் தூக்கிக் காட்டியது.

"பாருய்யா, அம்மா மாதிரியே! சும்மாவாவது வீசுண்ணே!"

வலை என் தோளிலேயே கிடந்தது.

"என்னண்ணே, அழுறியா?"

"இன்ஜின் யார் கொடுத்தாங்கன்னு கேளுடா."

"உன் மச்சான்தானே..." சிரித்தபடி ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு இன்ஜினைப் பார்த்தான். எழுந்து வந்து என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கினான்.

விட்டுவிட்டேன்.