அம்சவள்ளியின் பேட்டரி

செல்லிப்பட்டு புகழேந்தியின் மகள் அம்சவள்ளி கார் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தாள் என்பது அவள் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. கார் என்றால் பழைய வெள்ளை அம்பாசடர், டீசல் வண்டி. புகழேந்தி அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தார். ராத்திரி நல்லபடியாக வந்து நிற்கும் வண்டி, காலையில் சாவியைத் திருகினால் 'க்ளக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. தெருவே வந்து தள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அம்சவள்ளியும் படுக்கையை விட்டு எழுவாள். அதுவரை அவளை எழுப்ப யாராலும் ஆகாது. புது பேட்டரி போட்டாலும் அதே கதை. எங்கேயோ கரண்டு கசிகிறது என்று தெரியும். எங்கே என்று தேட வந்த மெக்கானிக்குகள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வண்டி தூர வாடகைக்குப் போன நாட்களில் அம்சவள்ளி சோர்ந்து படுத்துவிடுவாள். வேளாங்கண்ணிக்குப் போனால் காய்ச்சல், திருப்பதிக்குப் போனால் கண்ணே திறக்க மாட்டாள். வண்டி திரும்பி வாசலில் நின்றதும் எழுந்து சோறு கேட்பாள். அப்பன் மேல் பெண்ணுக்கு அவ்வளவு உசுரு என்றது ஊர். புகழேந்திக்கும் அதில் கொள்ளைப் பெருமை. விழுப்புரம் தாண்டி வாடகை பிடிப்பதையே விட்டுவிட்டார். வில்லியனூரில் அவள் காலேஜ் படித்த வருஷங்களில் வண்டியைக் காலேஜ் வாசலிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படியும் ஒரு அப்பனா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டுமே, அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தமிழ்க்குமரன் பெண் பார்க்க வந்தான். அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது, அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். மகளைத் தன் வண்டியில்தான் அனுப்புவேன் என்றார் புகழேந்தி. ஆனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை இறங்கித் தள்ளும்படி ஆனால் மானம் போகுமே! திருக்கனூரிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் தணிகைவேலைக் கூட்டிவந்தார்.

தணிகைவேல் பேட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்றி, நடுவில் ஒரு டெஸ்ட் லேம்பைக் கோத்தான். அந்த நொடியில் வீட்டுக்குள் அம்சவள்ளி பெரிய கொட்டாவி விட்டதை யாரும் கவனிக்கவில்லை. எல்லா சுவிட்சும் அணைந்திருந்தும் பல்பு மினுங்கியது. கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ்களைப் பிடுங்கினான், பல்பு அணையவில்லை. ஹாரன், வைப்பர், டைனமோ என்று ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்துச் சலித்து, கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தபோது அகப்பட்டது. உள்விளக்குக்குப் போகும் வயர் பாதியில் அறுந்து, அதன் செம்பு நுனி பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இந்நேரம் வண்டியே எரிஞ்சி போயிருக்கணும்ணா. யாரு இத்த அறுத்தது?"

புகழேந்திக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சங்கராபரணியில் வெள்ளம் வந்த வருஷம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அவர் மனைவி ஜெயசித்ராவுக்கு இந்த வண்டியின் பின்சீட்டிலேயே பிரசவமாகிவிட்டது. கூட வந்த பக்கத்து வீட்டுக் காசம்மாள், கொடியைக் கட்ட நூல் கொடு, நூல் கொடு என்று கத்தினாள். கொட்டும் மழையில் நூலுக்கு எங்கே போவது? டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அகப்பட்ட வயரைப் பிய்த்துக் கொடுத்தார். அதைக் கொண்டுதான் அம்சவள்ளியின் தொப்புள்கொடியைக் கட்டினார்கள்.

தணிகைவேல் அறுந்த நுனியில் டேப் சுற்றினான். பல்பு அணைந்தது. அதே நேரம் அடுப்படியில் ஏனம் விழுந்து உருண்டது, ஜெயசித்ரா அலறினாள். அம்சவள்ளி தரையில் கிடந்தாள். புகழேந்திக்கு எப்படித்தான் புரிந்ததோ, பாய்ந்து டேப்பைப் பிய்த்தார். பல்பு மினுங்கியது. உள்ளே அம்சவள்ளி எழுந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, ஏன் இப்பிடிக் கத்துற?" என்று கேட்டாள். எதற்கும் இன்னொரு முறை டேப்பைச் சுற்றிப் பார்க்கலாமா என்றான் தணிகைவேல். புகழேந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இதை மறைத்துக் கட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ, மகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே பாகூருக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். தமிழ்க்குமரனின் அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"இத்தினிதானா? எங்க வூட்டுக்காரரு சுகருக்கு ஊசி போட்டுத்தான் ஓடுறாரு. அந்தப் பொண்ணுக்குப் பேட்டரி. இதுல இன்னா கீது?"

பிறகு வண்டியை எங்கே நிறுத்துவது என்று பேசி, மாட்டுக்கொட்டகையை ஒழித்துக் கொடுப்பதென்று முடிவானது. அம்சவள்ளிதான் அடம்பிடித்தாள்.

"வண்டியக் குடுத்துட்டு நீ இன்னாப்பா பண்ணுவ? எனக்குக் கண்ணாலமே வேணாம்."

"போடி பைத்தியம். என்னாண்ட இருந்தா இன்னா, உன்னாண்ட இருந்தா இன்னா?" என்றார் புகழேந்தி. சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

கல்யாணத்தன்று, பின்சீட்டில் பெண் தூங்கி வழிய, மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினான். மானம் ஒன்றும் போகவில்லை. பாகூரில் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, புகழேந்தி பஸ் பிடித்து வீடு திரும்பினார். அதற்கப்புறம் யாருடைய ஸ்கூல் வேனையோ ஓட்டினார். பாகூரில் தமிழ்க்குமரன் கடையை அடைத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாகப் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டுவான். ஞாயிறானால் புகழேந்தி வந்துவிடுவார். மற்ற அப்பன்கள் பூவும் பழமும் வாங்கிப் போவார்கள். இவர் பையில் டிஸ்டில்டு வாட்டரும் வாசலினும் இருக்கும். பேட்டரிக்குத் தண்ணீர் விட்டு, முனைகளில் பூத்திருக்கும் உப்பை வெந்நீரில் துடைத்து, டெஸ்ட் லேம்பைக் கோத்து, அந்தச் சின்ன மினுக்கலைப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்டு கூடுதலாகக் கசிந்தால்தான் அப்படி எரியும். எந்த வயர் போனதோ என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அந்த அறுந்த நுனி ஒன்றைத் தவிர எங்கேயும் ஒரு பழுதும் இல்லை. நிமிர்ந்தார். அம்சவள்ளி கொட்டகை வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்டயே இன்னும் சொல்லலப்பா."

புகழேந்தி மகளின் தலையில் கை வைத்தார். சாப்பிடக்கூட உட்காராமல் வில்லியனூருக்குப் பஸ் ஏறி, பேட்டரிக் கடையில் போய் நின்றார். எந்த வண்டிக்கு என்று கேட்டார் கடைக்காரர்.

"எம் பொண்ணுக்குப்பா. ரெண்டு உசுரு இப்ப."

அப்படியென்றால் கார் பேட்டரி பத்தாது என்று சொல்லி, கடைக்காரர் உள்ளே போய் லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார்.