உட்கார்ந்து பேசுற வேலை

நோய் போய்விட்டது, அசதி போகவில்லை. இதை ஒருவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பொடிசுக்கு இன்னொரு தடவை நோய் வந்துவிடும் போலிருந்தது.

பொடிசு என்பது வீட்டில் கூப்பிட ஆரம்பித்த பெயர். அவளுக்கு முப்பத்து நாலு வயதாகி, கல்யாணமும் ஆகி, இப்போது கணவனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டான். பிறந்ததிலிருந்தே அவளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மற்றவர்களுக்கு நெஞ்சில் ஊறுவது நீராக ஓடிவிடும். இவளுக்குப் பசையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கிருமி குடியேறும். வருடத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை என்று வந்துகொண்டிருந்த நெஞ்சுத் தொற்று இந்த வருடம் நாலு முறை வந்துவிட்டது. நாலாவதற்கு ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் கையில் ஊசியோடு கிடந்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

டாக்டர் குழாயில் ஊதச் சொல்லி அளந்தார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பழைய நிலைமைக்கு வந்தாச்சு என்றார். அசதியை அளக்க அவரிடம் கருவி இல்லை. அதெல்லாம் போகப் போகச் சரியாகும் என்று எழுந்துவிட்டார். எவ்வளவு தூரம் போகப் போக என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

காலையில் மருந்தை ஆவியாக உள்ளே இழுக்க இருபது நிமிஷம். பிறகு கணவன் முதுகிலும் விலாவிலும் தட்டத் தட்ட, இருமி இருமிச் சளியை வெளியே கொண்டுவர முக்கால் மணி. மறுபடி இன்னொரு மருந்து, இன்னொரு இருபது நிமிஷம். ஒன்பது மணிக்கு அவள் செருப்பை மாட்டும்போது, மூட்டை தூக்குகிறவன் அரை நாளில் செய்கிற வேலை முடிந்திருக்கும். படியிறங்கினால் பக்கத்து வீட்டுக்காரி, முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே என்பாள். கையோடு, நானும்தான் ரெண்டு நாளா ஒரே அசதி, சரியாத் தூக்கமில்லை என்று சேர்த்துக்கொள்வாள். பொடிசு தலையை ஆட்டுவாள். தலையாட்டுவதற்கு மூச்சு செலவாகாது.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். பின்னறையில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு, நகத்தளவு திருகாணிகள் நிறைந்த டப்பாக்கள். கால் ஒடிந்த கண்ணாடிக்குக் கால் வைப்பாள், மூக்குத்தாங்கி மாற்றுவாள், கோணலை நிமிர்த்துவாள். ஒன்பது வருஷமாக அவள் கை பட்ட கண்ணாடி திரும்பி வந்ததில்லை. யாரும் உள்ளே வந்து எட்டிப் பார்ப்பதும் இல்லை. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை முதலாளி வாசலிலேயே அவளை மறித்துக்கொண்டார். நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

"இனிமே நீ உள்ளே குனிஞ்சு கெடக்க வேணாம்மா. முன்னாடி ஏ.சி.யில மெத்தை நாற்காலி போட்டிருக்கேன். உட்கார்ந்து பேசுற வேலைதானே, அலுப்பே தெரியாது."

முன்பக்கத்தில் விற்பனை பார்த்துக்கொண்டிருந்தவனைப் பின்னறைக்கு அனுப்பியாயிற்று. கடையில் எல்லோரும் அவனை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அவன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. அவன் போகும்போது அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டது மாதிரி ஒரு மனத்தாங்கல் இருந்தது.

பேசுவதுதான் அவளுக்கு மலையேற்றம். அது முதலாளிக்குத் தெரியாது. முகக்கவசத்துக்குள்ளிருந்து சத்தமாகப் பேச வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஜலதோஷத்தோடு வந்து, அளவெடுக்க அவள் குனியும்போது முகத்துக்கு நேரே தும்மினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றைப் பிசையக் கை எழும்பாது. முதலாளியிடம் சொல்லேன் என்றான் கணவன். அவர் நல்லதுன்னு நினைச்சுச் செய்றார், என்னத்தைச் சொல்ல என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வந்து பேசட்டுமா என்றான். அது வேறயா என்று கண்ணை மூடினாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் வந்தாள். நாற்பது ஃபிரேம்களையாவது எடுத்து மாட்டியிருப்பாள். ஒவ்வொன்றுக்கும் பொடிசு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். நல்லாயிருக்கு என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த அம்மாள் கண்ணாடி முன் நின்று, எனக்கு எதுதான் எடுப்பா இருக்கும், மனசில பட்டதைச் சொல்லு என்றாள்.

"உங்க முகத்துக்கு எது போட்டாலும் நல்லாயிருக்காதுன்னு" என்றாள் பொடிசு. அங்கே மூச்சு முடிந்துவிட்டது. பின்னாலேயே இருமல் வந்து பிடித்துக்கொண்டது. சொல்லவே முடியாது என்ற மிச்சம் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு கையால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் அதை வெளியே போ என்று எடுத்துக்கொண்டாள். மாட்டியிருந்த ஃபிரேமைக் கழற்றி வைத்துவிட்டு, என் மூஞ்சியைச் சொல்ல இவ யாரு என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு, கதவை அறைந்துகொண்டு போனாள்.

இருமல் அடங்கியபோது பொடிசு கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி தண்ணீர் கொண்டுவந்தார். கோபமில்லை அவருக்கு. ஒரு மாசம் வீட்டில் நிம்மதியாகப் படுத்திரு, வேலை எங்கேயும் ஓடிவிடாது என்றார். அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு மாசம் படுத்தா போயிடும்னா எப்பவோ படுத்திருப்பேன் சார். நான் படுத்தா அதுவும் கூடவே படுத்துக்கும்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. "பேசறதுதான் சார் எனக்கு வேலை. உள்ளே திருகாணி போடறது ஓய்வு. நீங்க ரெண்டையும் மாத்திப் போட்டுட்டீங்க."

முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னிக்குச் சொல்ல மூச்சில்லை சார்."

பிறகு அவள் தரையில் உட்கார்ந்தபடியே, துண்டு துண்டாக, தனக்கு வேண்டியதைச் சொன்னாள். காலையில் பதினொரு மணிக்குத்தான் வருவாள். மத்தியானம் அரை மணி மேசையில் தலை வைப்பாள், யாரும் எழுப்பக் கூடாது. வருகிறவர்கள் முன்னால் அவளை நிறுத்தக் கூடாது. மற்றபடி எத்தனை கண்ணாடி வேண்டுமானாலும் கொடுக்கலாம். முதலாளி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். கேட்ட சத்தத்தில் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த ரேடியோ, விஷயம் புரிந்ததும் திருப்புளியை அவள் மடியிலேயே வைத்துவிட்டான். மூன்றரை நாளில் அவன் ஆறு கண்ணாடியை ஒடித்திருந்தான்.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தபோது பின்னறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. முதலாளி தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: உள்ளே இருப்பவரிடம் பேசக் கூடாது.

முதலில் தபால்காரர் எட்டிப் பார்த்து, ஏம்மா, என்ன விஷயம் என்று கேட்டார். பிறகு தரை துடைக்கிற அக்கா வந்து, யாரோடயாவது சண்டையா என்று கேட்டாள். லென்ஸ் கொண்டுவருகிற பையன் அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஏன் பேசக் கூடாது என்றான். கடைசியில் முதலாளியே தலையை நீட்டி, அட்டைக்கப்புறம் யாரும் தொந்தரவு பண்ணலையே என்று கேட்டார்.

பொடிசு எழுந்து போய் அட்டையைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டாள். கதவைச் சாத்தினாள். மேசைக்கும் கதவுக்கும் ஆறே அடிதான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மூச்சு நிலைக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ரேடியோ ஒடித்ததில் முதல் கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.