முயல்களைப் போலப் பெருகிய சிப்பிகள்

எங்கள் விரிகுடாவில் விசிறிச்சிப்பி எடுக்கக் கூடாது என்று போட்டிருந்த தடை நான்கு வருடம் கழித்து நீங்கியது. நீங்கியது என்றால் முழுசாக இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். யாராவது கூடுதலாக வாருகிறார்களா என்று தலைக்கு மேல் ஒரு விமானம் வேறு சுற்றும். சிப்பிக்கு இருக்கும் பாதுகாப்பு எங்கள் மேயருக்குக் கூடக் கிடையாது.

இந்த சீசன் கைகொடுக்காவிட்டால் என் அண்ணன் ரிவால், தன் படகை விற்றுவிட்டு, ரென் நகரத்தில் மாமனார் கடையில் சோபா விற்கப் போக வேண்டும். மாமனார் அவனுக்கு டை கூட வாங்கி வைத்துவிட்டார். அண்ணன் படகில் வேலை செய்யும் ஒரே ஆள் நான். எனக்கு டை வாங்கி வைக்க யாரும் இல்லை.

திறப்பு நாளன்று நாற்பது படகுகள் வரிசையாக நின்றன. பாரிஸிலிருந்து புதிதாக வந்திருந்த மீன்வள இயக்குநர் பெல்வால், ரோந்துப் படகிலிருந்து வயர்லெஸில் உத்தரவு கொடுப்பதாக ஏற்பாடு. உத்தரவோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் பேச்சு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“இந்த நான்கு ஆண்டுகளில் நமது சிப்பிகள் முயல்களைப் போலப் பெருகியிருக்கின்றன. ஆரம்பிக்கலாம்.”

நாற்பது படகில் ஒன்றிலிருந்தும் வலை இறங்கவில்லை. எங்கள் கடலில் அந்தப் பிராணியின் பெயரைப் படகில் யாரும் சொல்வதில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால் ‘நீளக்காதன்’. பெயர் காதில் விழுந்துவிட்டால் இரும்பைத் தொட வேண்டும். அன்றைக்கு வலையை நனைக்கக் கூடாது.

அண்ணன் இரண்டு கையாலும் வலை இழுக்கும் இரும்பு வின்ச்சைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நேரம் ஓடுது. வலைய இறக்கு.”

“சொல்லிட்டான்டி அந்தாளு.”

“சொன்னா என்ன? சிப்பிக்குக் காதா இருக்கு?”

“பேசாம இரும்பத் தொடு.”

“சோபா விக்க அவ்வளவு ஆசையா உனக்கு?”

“பக்கத்துல துக்துவால் இறக்கட்டும். நானும் இறக்குறேன்.”

பக்கத்துப் படகில் துக்துவால் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அடுத்த படகு பார்த்தது. நானே இறக்கிவிடலாம் என்று விசையை எட்டினேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டான்.

வயர்லெஸ் கரகரத்தது. “என்ன இது, ஸ்டிரைக்கா? ஏதாவது கோரிக்கை இருக்கா?”

துக்துவால் பெரியவர் பொறுமையாகச் சொன்னார். “கோரிக்கையெல்லாம் இல்லீங்கய்யா. நீங்க நீளக்காதன் பேரச் சொல்லிட்டீங்க.”

“யாரு பேரு?”

“அதாங்கய்யா. கேரட் திங்குமே.”

“ஓ, முயலா?”

நாற்பது படகிலும் கைகள் மறுபடி இரும்பைத் தேடின.

“முயல்னு சொன்னதுக்கா இவ்வளவு? சரி, முயலை வாபஸ் வாங்கிக்கறேன். முயலே இல்லைன்னு வச்சுக்குங்க.”

“புண்ணியமாப் போகும், அந்த வயர்லெஸ்ஸ அணைச்சிடுங்கய்யா.”

முக்கால் மணி நேரம் தீர்ந்தது. நாற்பது படகும் காலியாகக் கரைக்குத் திரும்பின. எனக்கு ஒரே கோபம். இயக்குநர் மேலா, அண்ணன் மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாளே துறைமுகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். தேர்ந்த மீனவர்கள் நாற்பது படகில் போயும் ஒரு சிப்பி கூடக் கிடைக்கவில்லையாம். ஆகவே விரிகுடாவில் சிப்பி இல்லையாம். ஆகவே மேலும் மூன்று ஆண்டு தடை. அடியில் பெல்வாலின் கையெழுத்து. நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்த மனிதர்தான். முயல் என்று சொன்னதால் மீன்பிடி நின்றது என்று பாரிஸுக்கு எழுத வெட்கமாக இருந்திருக்கும்.

அண்ணன் இரண்டு முறை படித்தான். உடைந்து போவான் என்று தோளைப் பிடித்துக்கொண்டேன். அவனோ நிமிர்ந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“பாத்தியாடி? பேரச் சொன்னா வெளங்காதுன்னு சொன்னேன்ல.”

நானும் அறிவிப்பை ஒரு முறை படித்தேன். அவன் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.