முப்பத்தெட்டு எம்.பி.

ஸர்ஸீஸ் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர் அமோர். மகன் காஸியோடு பேச்சு நின்று பதினைந்து நாளாகியிருந்தது. கடல் தாண்டி இத்தாலிக்குப் போகிறேன் என்றவனிடம், "போனா இந்த வீட்டுப் படியை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவனும் மறுநாளே, கள்ளப்படகுகள் புறப்படும் ஸ்ஃபாக்ஸுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவனிடமிருந்து வீடியோ வந்தது. மங்கலான படம், அதன்மேல் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 38 எம்.பி. அமோரின் கைபேசியில் இருபது எம்.பி. டேட்டாதான் மிச்சமிருந்தது.

"பாக்கலையா?" என்றாள் மனைவி ஸாலிஹா.

"இருக்கிறது இருபது. துரை அனுப்புறது முப்பத்தெட்டு. அவனுக்கு எதுலதான் அளவு தெரிஞ்சது?"

"காபிக் கடையில வைஃபை இருக்கே. அங்க போய்ப் பாருங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

கடை நாலு வீடு தள்ளித்தான் இருந்தது. கோபம் அவரைப் போகவிடவில்லை.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய்ப் படகு கவிழ்ந்திருந்தது. நாற்பத்தொரு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். அதில் காஸி இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வீடியோவைத் திறக்க அமோருக்குத் துணிவு வரவில்லை. மகன் சொல்ல இன்னும் ஏதோ பாக்கியிருக்கிறது. கேட்டுவிட்டால் அதுவும் முடிந்துவிடும். ஸாலிஹாவுக்கும் அதே பயம். நாற்பதாம் நாள் கழியட்டும் என்றாள்.

கழிந்ததும் இருவரும் காபிக் கடைக்குப் போனார்கள். அமோர் அம்புக்குறியைத் தொட்டார். வட்டம் சுற்றியது, நின்றது. திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"இந்த வீடியோ இப்ப இல்லையாம். அனுப்பினவரையே திரும்ப அனுப்பச் சொல்லணுமாம்."

ஸாலிஹா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள்.

கடைக்காரர் லமீன் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "ஒரு மாசத்துக்கு மேல யாரும் எடுக்கலைன்னா அழிஞ்சிடும், அண்ணே. இந்த மங்கல் படம்தான் மிச்சம். நாலு கே.பி. ஒரு எம்.பி.யில ஆயிரத்துல நாலு பங்கு. இதுல ஒரு முகம்கூடத் தெளிவா வராது."

இரண்டு வாரம் கழித்து, பிழைத்தவர்களில் ஒருவனான நிஸார் இத்தாலியிலிருந்து அழைத்தான். காஸியின் சிநேகிதன்.

"பெரியப்பா, புறப்படுறதுக்கு முன்னாடியே எஞ்சின்ல ஒரு தட்டுச் சத்தம். காஸி அதை அப்படியே வீடியோ எடுத்தான். எங்கப்பா கேட்டா என்னன்னு சொல்லிடுவாருன்னான். ரொம்ப நேரம் காத்திருந்தோம். உங்ககிட்டயிருந்து பதில் வரவே இல்லை. இன்னும் கோவமா இருக்காருன்னு சொல்லிட்டு ஏறிட்டான்."

அமோர் கைபேசியைக் கீழே வைத்தார். ஸாலிஹா விடவில்லை, அவன் சொன்னது முழுவதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தாள்.

"கேட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். எஞ்சின் விஷயத்தில் அவள் அவர் சொல்வதைத்தான் நம்புவாள்.

"பத்து செகண்டு போதும்" என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அமோர் அவளைக் கூப்பிடவில்லை. கதவைப் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.